மொழிக்கூடு
(மாவோரி மக்கள் தம்மை மீட்டெடுத்த வரலாறு)

நியூசிலாந்தின் தலைநகராகிய வெலிங்டனில் தே பாப்பா என்னும் தேசிய அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே உடைந்த வெண்கல மணி ஒன்று காக்கப்பட்டு வருகிறது. அதனைச் சுற்றித் தமிழ் எழுத்துகள் பொறிக்கப்பட்டுள்ளன. முகையதீன் பக்சு என்பாருக்கு உரிய கப்பலின் மணி என்பதே அவ்வெழுத்துகள் தரும் செய்தி. 1836ஆம் ஆண்டளவில் வில்லியம் கொலென்சோ என்னும் கிறித்துவ சமயத் தொண்டர், அந்நாட்டின் வடபகுதியில் ஃபாங்காரே என்னும் இடத்திற்கு அருகே அதனைக் கண்டார். அவர் கண்டபோது மாவோரிப் பெண்கள் அதனை அடுப்பில் ஏற்றி உருளைக்கிழங்கு வேகவைத்துக் கொண்டிருந்தனர். காற்றில் சாய்ந்த பெருமரம் ஒன்றின் வேரடியில் கிடைத்ததென்று அவர்கள் கூறினர். கொலென்சோ இரும்புப் பானை ஒன்றைக் கொடுத்து அதனைப் பெற்றுக்கொண்டார்.

நம்மவர் கப்பலின் மணி அத்துணைத் தொலைவிலுள்ள கரைக்கு எவ்வாறு சென்றது என்று எண்ணி நாம் வியந்து பேசுவதுண்டு. அம்மணியை வைத்திருந்த மக்கள் யாவர், அதன்பின் அவர்களுக்கு நேர்ந்தது யாது, இழந்தவற்றை அவர்கள் எங்ஙனம் மீட்டனர் என்று கேட்பவர் நம்மிடையே மிகச் சிலரே. அக்கேள்விகளுக்கு விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மண்ணின் மக்கள்

ஏறத்தாழ 13ஆம் நூற்றாண்டில், பசிபிக் பெருங்கடலின் கிழக்குத் தீவுகளினின்றும் பெரிய தோணிகளில் புறப்பட்டு, விண்மீன்களையும் அலைகளையும் பறவைகளையும் வழிகாட்டிகளாகக் கொண்டு அத்தீவுகளை அடைந்தவர்களே மாவோரி மக்களின் முன்னோர். அவர்தம் மொழியும் நாம் அன்றாடம் கேட்கும் மலாய் மொழியும் ஒரே பெருங்குடும்பத்தைச் சேர்ந்தவை. மலாயில் ஐந்து என்பது லீமா, மாவோரியில் ரிமா. வானம் மலாயில் லாங்கிட், மாவோரியில் ராங்கி. மீன் இங்கே ஈக்கான், அங்கே ஈக்கா. தமிழாசிரியர்க்கு இன்னொரு செய்தியும் சுவை பயக்கும். நாம் அரிச்சுவடியில் சொல்லிக்கொடுத்துவிட்டுப் பெரும்பாலும் மறந்துவிடும் ஙகர வரிசை, அவர்கள் மொழியில் சொல்லின் முதலெழுத்தாகவே நாள்தோறும் ஒலிக்கிறது.

அவர்கள் மொழியில் ஃபெனுவா என்னும் சொல்லுக்கு நிலம் என்பது ஒரு பொருள். தாயின் வயிற்றில் குழந்தையோடு இணைந்திருக்கும் நஞ்சுக்கொடி என்பது மற்றொரு பொருள். குழந்தை பிறந்தவுடன் அக்கொடியை முன்னோர் நிலத்தில் புதைப்பது அவர்கள் மரபு. தம்மை 'நிலத்தின் மக்கள்' என்று அவர்கள் கூறிக்கொள்வது உடைமை பாராட்டும் கூற்றன்று. உறவு பாராட்டும் கூற்று. இதனை மனத்திற் கொண்டாலன்றிப் பின்னர் நேர்ந்த இழப்பின் ஆழம் நமக்கு விளங்காது.

இரு மொழியில் ஓர் உடன்படிக்கை

1769ஆம் ஆண்டில் ஆங்கில மாலுமி ஜேம்ஸ் குக் அக்கரையை அடைந்தார். 1814 முதல் சமயத் தொண்டர்கள் குடியேறினர். அவர்கள் மாவோரி மொழியைக் கற்று, அதற்கு எழுத்து முறை வகுத்தனர். 1820இல் அம்மொழியின் இலக்கணமும் சொற்றொகுதியும் நூலாக வெளிவந்தன. மணியைக் கண்டெடுத்த அதே கொலென்சோதான் 1837இல் மாவோரி மொழியில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டார். மாவோரிகள் வியக்கத்தக்க விரைவில் எழுதவும் படிக்கவும் கற்றுக்கொண்டனர். ஆகவே, வெள்ளையர் வந்தவுடன் அம்மொழி அழியத் தொடங்கிற்று என்று கருதுவது பிழையாகும்.

1840ஆம் ஆண்டு பிப்ரவரி 6ஆம் நாள், வைத்தாங்கி என்னும் இடத்தில் பிரிட்டிஷ் முடியாட்சியின் சார்பில் வில்லியம் ஹாப்சன் மாவோரித் தலைவர்களுடன் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டார். ஆங்கிலத்தில் எழுதப்பெற்ற அதனை ஹென்றி வில்லியம்ஸ் என்னும் சமயத் தொண்டரும் அவர் மகனும் ஒரே இரவில் மாவோரி மொழிக்குப் பெயர்த்தனர். ஆங்கில வாசகம், தலைவர்கள் தம் இறையாண்மையை அரசியாருக்கு முற்றாக விட்டுக்கொடுப்பதாகக் கூறியது. மாவோரி வாசகமோ, அரசியாருக்கு ஆளுகை செய்யும் பொறுப்பை மட்டும் அளித்து, நிலம், ஊர், செல்வம் ஆகியவற்றின்மீது தலைவர்களுக்குள்ள முழு உரிமையை உறுதி செய்தது. நாடெங்கும் 500க்கும் மேற்பட்ட தலைவர்கள் ஒப்பமிட்டனர். மிகப் பெரும்பாலோர் ஒப்பமிட்டது மாவோரி வாசகத்திலேயாம்.

அன்று கையொப்பமிடும் வேளையில் கொலென்சோ எழுந்து, இவ்வுடன்படிக்கையின் பொருள் இம்மக்களுக்கு விளங்கியிருக்கிறதா என்று வினவினார். தம்மால் இயன்றதைச் செய்துவிட்டதாகக் கூறிய ஹாப்சன் நிகழ்ச்சியைத் தொடரச் செய்தார். ஒரு மொழிபெயர்ப்பில் ஏற்பட்ட இடைவெளி, ஓர் இனத்தின் அடுத்த நூறு ஆண்டு வரலாற்றையே விழுங்கிவிட்டது. சொல்லின் பொருளைப் பிழையறப் பெயர்ப்பது எத்துணைப் பெரிய பொறுப்பு என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

நிலம் போன வழி

குடியேறியோர் தொகை பெருகப் பெருக நிலத்தின்மீது வேட்கையும் பெருகியது. 1863இல் அரசின் படை வைக்காத்தோ நாட்டினுள் புகுந்தது. அவ்வாண்டே இயற்றப்பட்ட சட்டத்தின்படி, கிளர்ச்சி செய்தோர் என்று முத்திரை குத்தப்பட்ட மக்களின் நிலங்கள் பறிமுதலாயின. வைக்காத்தோவில் மட்டும் 10 இலட்சம் ஏக்கருக்கு மேல் பறிபோயிற்று. 1865இல் அமைந்த நில நீதிமன்றம் வேறொரு வழியில் அதே வேலையைச் செய்தது. குலம் முழுவதற்கும் பொதுவாக இருந்த நிலத்திற்குத் தனி மனிதர் சிலரை மட்டும் உடைமையாளராகப் பதிவு செய்தது. தனி மனிதனிடமிருந்து நிலத்தை வாங்குவது எளிது; குலத்திடமிருந்து வாங்குவதுதான் அரிது.

தரனாகி மாநிலத்துப் பரிஹாக்கா என்னும் ஊரில் தே விட்டி, தோஹு என்னும் இரு பெரியோர்கள் படைக்கலம் ஏந்தாத எதிர்ப்பை நடத்தினர். பறிக்கப்பட்ட நிலத்தில் அளவையாளர் நட்ட குறிக்கோல்களைப் பிடுங்கினர். அந்நிலத்தை ஏரோட்டி உழுதனர். உழுதவர்கள் சிறைக்கு அனுப்பப்பட்டபோது வேறு சிலர் வந்து ஏரைப் பிடித்தனர். 1881ஆம் ஆண்டு நவம்பர் 5ஆம் நாள் ஏறத்தாழ 1,600 படையினர் அவ்வூரைச் சூழ்ந்தனர். அவர்களை எதிர்கொண்டவர்கள் பாட்டுப் பாடிய சிறுவர்களும், உண்ண அப்பம் கொண்டுவந்த பெண்களுமே. ஊர் சிதைக்கப்பட்டது, பெரியோர் இருவரும் விசாரணையின்றிச் சிறை வைக்கப்பட்டனர். காந்தியடிகள் தென்னாப்பிரிக்காவில் அறப்போர் தொடங்குவதற்கு ஏறத்தாழ கால் நூற்றாண்டுக்கு முன் நிகழ்ந்தது இது.

போரும் நோயும் நில இழப்பும் சேர்ந்து மக்கள்தொகையைக் குறைத்தன. 1896ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் மாவோரிகள் 42,000 பேர் அளவிலேயே இருந்தனர். மறைந்துகொண்டிருக்கும் இனம் என்று குடியேறிகளுள் கற்றோர் எழுதலாயினர்.

நாவில் விழுந்த அடி

1867ஆம் ஆண்டுப் பள்ளிச் சட்டம் மாவோரிச் சிற்றூர்களில் பள்ளிகளை நிறுவியது. பயிற்று மொழி ஆங்கிலம் என்று விதித்தது. நாளடைவில், பள்ளி வளாகத்தில் தாய்மொழியில் பேசிய பிள்ளைகள் பிரம்படி பெற்றனர். அவ்வாறு அடிபட்ட தலைமுறை வளர்ந்து பெற்றோரானபோது நிகழ்ந்ததுதான் நாம் உன்னிப்பாக நோக்க வேண்டிய செய்தி. தாம் பட்ட அடி தம் மக்களுக்கு விழலாகாது என்று எண்ணிய அவர்கள், வீட்டிலும் ஆங்கிலத்திலேயே பேசலாயினர். பெரியவர்கள் தமக்குள் தாய்மொழியில் பேசுவர்; குழந்தை அருகில் வந்தால் மொழியை மாற்றிக்கொள்வர். வெறுப்பினால் அன்று, அன்பினால் அவர்கள் அதனைச் செய்தனர். சட்டத்தால் முழுமையாக முடியாததைப் பெற்றோரின் அச்சம் முடித்து வைத்தது.

1907இல் மரபு வழி மருத்துவரும் ஞானியருமான தோஹுங்காக்களைத் தடை செய்யும் சட்டம் இயற்றப்பட்டது. போலி வைத்தியத்தைத் தடுப்பதற்கென்று கூறப்பட்ட அச்சட்டத்தை நாடாளுமன்றத்திலிருந்த மாவோரி உறுப்பினர்களும் ஆதரித்தனர். ஆயினும் மூலிகை அறிவும் வழிபாட்டு அறிவும் அதனால் மறைவிடம் தேடும் நிலை எய்தின. 1962இல்தான் அது நீக்கப்பட்டது.

அக்காலத்து மாவோரித் தலைவர்களுள் தலைசிறந்தவர் அப்பிரானா ஙாத்தா. நியூசிலாந்துப் பல்கலைக்கழகத்தில் முதன்முதலாகப் பட்டம் பெற்ற மாவோரி அவர். தொடக்கத்தில் ஆங்கிலக் கல்வியையே வற்புறுத்திய அவர், பிற்காலத்தில் தம் கருத்தை மாற்றிக்கொண்டு, தாய்மொழியும் பள்ளியில் இடம்பெற வேண்டும் என்றார். குலந்தோறும் வழங்கிய பழம்பாடல்களைத் தேடித் தொகுத்தார். மரச்செதுக்குக் கலையைக் கற்பிக்கப் பள்ளி அமைவதற்கு வழிகோலினார். ஏட்டுச் சுவடிகளைத் தேடி ஊர் ஊராக அலைந்த உ. வே. சாமிநாதையரை அறிந்த நமக்கு, ஙாத்தாவின் உழைப்பு எளிதில் விளங்கும்.

எனினும், இரண்டாம் உலகப் போருக்குப்பின் மாவோரி இளைஞர் வேலை தேடி நகரங்களுக்குப் பெயர்ந்தனர். நகரத் தெருவில் அயலார் ஆங்கிலம் பேசினர். வீட்டில் பாட்டி இல்லை. 1913இல் மாவோரிப் பள்ளிப் பிள்ளைகளுள் 90 விழுக்காட்டினர் தாய்மொழி பேசினர் என்றும், 1953இல் அது 26 விழுக்காடாகக் குறைந்தது என்றும், 1975இல் 5 விழுக்காட்டுக்கும் கீழே சென்றது என்றும் கணக்குகள் கூறுகின்றன. அறுபதே ஆண்டுகளில் ஒரு மொழி குழந்தைகளின் நாவிலிருந்து இறங்கிவிட்டது.

நெடும்பயணம்

இறங்கிய மொழியை மீண்டும் ஏற்ற முற்பட்டவர்கள், அதனைப் பேசத் தெரியாத இளைஞர்களே! ஙா தமதோவா என்னும் இளைஞர் அமைப்பினரும் வெலிங்டன் பல்கலைக்கழக மாணவரும் இணைந்து, பள்ளிகளில் மாவோரி மொழி கற்பிக்கப்பட வேண்டும் என்று வீடு வீடாகக் கையொப்பம் திரட்டினர். 1972ஆம் ஆண்டு செப்டம்பர் 14ஆம் நாள் 30,000க்கும் மேற்பட்ட கையொப்பங்களுடன் நாடாளுமன்றத்தில் விண்ணப்பம் அளிக்கப்பட்டது.

மூன்றாண்டு கழித்து அதே செப்டம்பர் 14ஆம் நாள், ஃபீனா கூப்பர் என்னும் 79 அகவை மூதாட்டி, தம் பேர்த்தியின் கையைப் பற்றிக்கொண்டு வடகோடியிலுள்ள தே ஹாப்புவா சிற்றூரினின்று தலைநகர் நோக்கி நடக்கலானார். இனி ஓர் ஏக்கர் நிலமும் பறிபோகக் கூடாது என்பதே அவர் முழக்கம். ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர் வழிநெடுகப் பல்லாயிரவர் சேர்ந்துகொண்டனர். அக்டோபர் 13ஆம் நாள் வெலிங்டனை அடைந்த அப்பயணம் நாட்டின் மனச்சான்றைத் தட்டி எழுப்பியது. அவ்வாண்டே வைத்தாங்கி நடுவர் மன்றம் சட்டத்தால் அமைந்தது. அதற்கு முதலில் பழைய குறைகளைக் கேட்கும் அதிகாரம் இல்லை. 1985இல்தான் 1840 வரை பின்னோக்கிச் சென்று விசாரிக்கும் உரிமை வழங்கப்பட்டது.

பாட்டியின் மடி

விண்ணப்பங்களும் பயணங்களும் அரசை அசைத்தன. ஆனால் குழந்தையின் நாவில் மொழியை ஏற்றுவது அரசால் ஆகக்கூடியதா? தாய்மொழி அறிந்த முதியோர் நாள்தோறும் மறைந்துகொண்டிருந்தனர். பேசத் தெரிந்த பாட்டியும், பேசத் தெரியாத தாயும், பேசக் கற்கவேண்டிய குழந்தையும் ஒரே குடும்பத்தில் இருந்தனர். இடையில் அறுந்த இழையை முடிய வேண்டுமெனில், பாட்டியையும் பேரனையும் ஓரிடத்தில் சேர்க்க வேண்டும். இவ்வெளிய உண்மையிலிருந்து பிறந்ததுதான் கோஹங்கா ரேயோ. கோஹங்கா என்றால் கூடு. ரேயோ என்றால் மொழி. மொழிக்கூடு!

1982ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில், வெலிங்டனை அடுத்த வைனுயியோமாத்தாவில் முதல் மொழிக்கூடு தொடங்கியது. பள்ளிப் பருவம் எய்தாத குழந்தைகளுக்கு அங்கே பாடநூல் இல்லை, தேர்வு இல்லை. முதியோர் குழந்தைகளைக் குளிப்பாட்டினர், ஊட்டினர், கதை சொன்னர், கண்டித்தனர், தாலாட்டினர். அனைத்தும் மாவோரி மொழியில் நடந்தன. ஆங்கிலம் வாசற்படியோடு நின்றது. குழந்தையோடு பேசுவதற்காகத் தாய் தந்தையரும் மொழியைக் கற்கலாயினர். ஊர்ப் பொது மன்றங்களிலும் வீட்டுக் கூடங்களிலும் கூடுகள் பெருகின. சில ஆண்டுகளுக்குள் அவை நூற்றுக்கணக்கில் ஆயின.

கூட்டில் வளர்ந்த குழந்தைகள் ஆங்கிலப் பள்ளியில் காலடி வைத்தவுடன் மொழியை மறப்பதைக் கண்ட பெற்றோர், 1985இல் ஆக்லாந்து நகரத்து ஹோவானி வைத்தித்தி மராயேயில் மாவோரி வழித் தொடக்கப்பள்ளி ஒன்றைத் தாமே தொடங்கினர். அரசு அத்தகைய பள்ளிகளைச் சட்டப்படி ஏற்றது 1989இல்தான்.

இதற்கிடையே 1984இல் ஒரு நிகழ்ச்சி நாடெங்கும் பேசப்பட்டது. அஞ்சல் துறையின் தொலைபேசி இணைப்பகத்தில் பணியாற்றிய நைடா கிளாவிஷ் என்னும் பெண், அழைப்போரை 'கியா ஓரா' என்று வாழ்த்தினார். ஆங்கில வாழ்த்தையே கூற வேண்டும் என்று மேலாளர் பணித்தார், அவர் மறுத்தார். தொலைபேசியில் ஓர் இருசொல் வாழ்த்து நாட்டின் பிரதமர் வரை சென்றது. முடிவில் அவ்வாழ்த்து அனுமதிக்கப்பட்டது. இன்று அந்நாட்டில் வெள்ளையரும் ஒருவரையொருவர் அச்சொற்களாலேயே வாழ்த்திக்கொள்கின்றனர்.

1985இல் மாவோரி மொழிப் பற்றாளர்கள் நடுவர் மன்றத்தில் வழக்குத் தொடுத்தனர். உடன்படிக்கை காப்பதாக உறுதியளித்த செல்வங்களுள் மொழியும் ஒன்று என்பது அவர்கள் வாதம். மறு ஆண்டில் மன்றம் அதனை ஏற்றது. 1987இல் மாவோரி மொழி ஆட்சி மொழியாயிற்று. ஈண்டு ஆண்டுகளின் வரிசையை மாணவர்கள் கருதிப் பார்த்தல் வேண்டும். கூடு தோன்றியது 1982இல். பள்ளி தோன்றியது 1985இல். சட்டம் வந்தது 1987இல். மக்கள் முன்னே நடந்தனர். சட்டம் அவர்கள் அடிச்சுவட்டில் வந்தது.

நலம் பெறுதல்

மொழி மீண்டால் போதுமா? நூறாண்டு அவமதிப்பு உள்ளத்தில் விட்டுச்சென்ற புண் ஆறுவது எவ்வாறு? மாவோரி மருத்துவ அறிஞர் மேசன் டூரி 1980களில் ஒரு விளக்கம் அளித்தார். மனித நலம் என்பது நான்கு சுவருடைய வீடு. உடல், உள்ளம், ஆன்மா, குடும்பம் என்பன அச்சுவர்கள். ஒரு சுவர் சாய்ந்தாலும் வீடு நிலைகுலையும். உடலுக்கு மட்டும் மருந்திட்டு மற்ற மூன்றையும் மறந்த மருத்துவம் தம் மக்களை நலப்படுத்தவில்லை என்பது அவர் கண்ட உண்மை. இன்று நியூசிலாந்தின் மருத்துவமனைகளும் பள்ளிகளும் இக்கருத்தைப் போற்றுகின்றன.

நேர்ந்த தீங்கைத் தீங்கென்று தீங்கு செய்தவரே ஒப்புக்கொள்வதும் மருந்துகளுள் ஒன்று. 1995இல் வைக்காத்தோ மக்களோடு அரசு ஓர் ஒப்பந்தம் செய்தது. 17 கோடி டாலர் மதிப்புள்ள நிலமும் பணமும் அளித்தது. இழந்ததை நோக்க இது மிகச் சிறிது. ஆயினும், அப்போர் முறையற்றது என்று கூறி மன்னிப்புக் கோரிய சட்டத்தில் அரசி இரண்டாம் எலிசபெத் நேரில் கையொப்பமிட்டார். பரிஹாக்கா ஊரில் 2017இல் அரசு சார்பில் அமைச்சர் மன்னிப்புக் கோரினார். அங்கே படை புகுந்து ஏறத்தாழ 136 ஆண்டுகள் கழிந்திருந்தன. தாத்தா சொல்லிச் சென்ற நிகழ்ச்சி கட்டுக்கதையன்று, வரலாறே என்று பேரர்கள் அன்று அரசின் வாயால் கேட்டனர். அவ்வாண்டே ஃபாங்கானுயி ஆறு சட்டத்தின் முன் ஓர் ஆளாக ஏற்கப்பட்டது. ஆறும் தாமும் வேறல்லர் என்று ஒரு நூற்றாண்டுக்கு மேலாக வழக்காடிய மக்களின் சொல் சட்டத்தின் சொல்லாயிற்று.

பணி முடிந்துவிடவில்லை. 2023ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மாவோரி மொழியில் உரையாட வல்லோர் 213,000க்கும் மேற்பட்டவர்; முன்னைய கணக்கைவிட இது மிகுதி. ஆயினும் நாட்டு மக்களுள் அவர்கள் ஏறத்தாழ 4 விழுக்காட்டினரே. வைத்தாங்கி உடன்படிக்கையின் கோட்பாடுகளுக்குப் புதுப் பொருள் வகுக்க முனைந்த சட்ட வரைவை எதிர்த்து, 2024 நவம்பரில் பல்லாயிரவர் மீண்டும் தலைநகருக்கு நடந்தனர். 2025 ஏப்ரலில் அவ்வரைவு நாடாளுமன்றத்தில் பெரும்பான்மையால் தோற்கடிக்கப்பட்டது. அன்று நடந்தவர்களுள் மொழிக்கூட்டில் வளர்ந்த தலைமுறையினரும் இருந்தனர். தம் கோரிக்கையை அவர்கள் பாட்டியின் மொழியிலேயே முழங்கினர்.

நமக்குரிய பாடம்

நாம் இம்மண்ணின் பழங்குடிகள் அல்லேம். மாவோரிக்கு நேர்ந்ததையும் நமக்கு நேர்ந்ததையும் ஒன்றென்று கூறுவது வரலாற்றுக்குப் பொருந்தாது. வறுமையினால் கப்பலேறி வந்த நம் முன்னோர், வெள்ளைத் துரைமாரின் ஏவலில் காடு வெட்டித் தோட்டம் அமைத்தனர். அக்காடுகளுள் சில, ஓராங் அஸ்லி மக்கள் வாழ்ந்து திரிந்த காடுகளாகவும் இருந்தன. நம் முன்னோர் சிந்திய வியர்வையைப் பாடும் நாம், அவ்விடத்தை விட்டு அகன்றவர்களையும் நினைத்தல் அறமாகும். செமாய், தெமியார் முதலிய அவர்தம் மொழிகளும் இன்று பேரக்குழந்தைகளின் நாவுக்காகக் காத்திருக்கின்றன.

மாவோரி வரலாற்றில் நம்மையும் சுடும் பகுதி ஒன்று உண்டு. குழந்தை அருகில் வந்ததும் மொழியை மாற்றிக்கொண்ட அப்பெற்றோரை நாம் நம் வீடுகளிலும் காண்கிறோம். பிரம்பு ஏந்திய ஆசிரியர் எவரும் இன்று நம் வாசலில் நிற்கவில்லை. பிள்ளையின் முன்னேற்றம் என்ற அன்பே நம் நாவைக் கட்டுகிறது. தமிழைப் பள்ளி பார்த்துக்கொள்ளும் என்று வீடும், வீடு பார்த்துக்கொள்ளும் என்று பள்ளியும் இருந்துவிட்டால், இடையில் நிற்கும் குழந்தைக்கு எது மிஞ்சும்?

தே பாப்பாவில் உள்ள மணியில் நம் எழுத்து வெண்கலத்தில் நிலைத்திருக்கிறது. அது பல்லாண்டுக் காலம் படிப்பாரின்றி அடுப்பில் கிடந்தது. எழுத்து நிலைப்பதற்கு உலோகம் போதும்; மொழி நிலைப்பதற்கு மடி வேண்டும். அம்மணியில் கிழங்கு வேகவைத்த பெண்களின் வழித்தோன்றல்கள் அதனை உணர்ந்து, தம் பாட்டிமாரைத் தேடிச் சென்றனர். நம் பாட்டிமார் இன்னும் நம் வீடுகளில் இருக்கின்றனர். இன்று மாலை வகுப்பு முடிந்து வீடு திரும்பும் மாணவன் ஒருவன், பாட்டியின் அருகே அமர்ந்து அவர் இளமைக் காலக் கதை ஒன்றைத் தமிழில் கேட்பானாயின், அங்கேயும் ஒரு மொழிக்கூடு தோன்றிவிட்டது என்று கொள்ளலாம்.